இயேசுவை ஏற்றுக்கொள்ளாத யூதர்களுக்கு மீட்பு உண்டா? கிறிஸ்தவர்கள் என்ன நம்புகிறார்கள்?

நான் கத்தோலிக்கன், அதனால் எங்கள் திருச்சபை சொல்வதை வைத்தே பதில் சொல்கிறேன். யூதர்கள் கடவுளின் மீட்பில் பங்குள்ளவர்கள் என்று நம்புகிறோம். அது எப்படி என்பதை அவரிடமே விட்டிருக்கிறோம்.

பெரிய வெள்ளி வழிபாட்டில் பத்துப் பொது மன்றாட்டுகள் உண்டு. எங்கள் பங்குக் கோவிலில் சில வருடங்கள் நான் அவற்றை வாசித்திருக்கிறேன். ஐந்தாவது, கிறிஸ்தவர்களின் ஒற்றுமைக்காக. ஏழாவது, கிறிஸ்துவை நம்பாதவர்களுக்காக. இரண்டுக்கும் நடுவே, ஆறாவதாக, யூதர்களுக்கென்று தனியாக ஒன்று. அவர்களும் கிறிஸ்துவை ஏற்காதவர்கள்தானே, ஏழாவதிலேயே சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. கடவுள் முதலில் பேசியது அவர்களோடுதான் என்று சொல்லி, அவருடைய உடன்படிக்கைக்கு உண்மையாய் இருப்பதில் அவர்கள் வளர வேண்டும், மீட்பின் நிறைவை அடைய வேண்டும் என்று வேண்டுகிறோம்.

முன்பு இப்படி இல்லை. பழைய லத்தீன் மன்றாட்டு அவர்களை நம்பிக்கையற்றவர்கள் என்று பழித்தது. மற்ற மன்றாட்டுகளுக்கு முழந்தாளிட்ட மக்கள், யூதர்களுக்கான மன்றாட்டுக்கு மட்டும் முழந்தாளிடாமல் நின்றார்கள். நூற்றாண்டுக் கணக்கில் இதுதான் வழக்கம். 1955இல் அதற்கும் முழந்தாளிட வேண்டும் என்று ஆனது. 1959இல் திருத்தந்தை 23ஆம் யோவான் அந்தப் பழிச்சொல்லை எடுத்தார். அடுத்த ஆண்டு ஜூனில் ஜூல் இசாக் என்ற பிரெஞ்சு யூத வரலாற்றாசிரியர் அவரைச் சந்தித்தார். மனைவியையும் மகளையும் நாஜிகளுக்குப் பறிகொடுத்தவர் அவர். யூதர்களை இகழச் சொல்லிக்கொடுக்கும் கிறிஸ்தவப் போதனையைத் திருத்துங்கள் என்று கேட்டார். 1965 அக்டோபர் 28 அன்று உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், மற்ற சமயத்தாரோடு திருச்சபைக்குள்ள உறவைப் பற்றிய 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' ஏட்டை வெளியிட்டது. இயேசுவின் சாவுக்கான பழியை அன்றைய யூதர் எல்லார்மீதும் போட முடியாது, இன்றைய யூதர்மீதும் போட முடியாது என்றது அது.

அதற்கு இருபது வருடம் கழித்து, மறைக்கல்வி வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன தெரியுமா? "யூதர்கள் இயேசுவைக் கொன்றார்கள், அதனால் கடவுள் அவர்களைக் கைவிட்டுவிட்டார்." அதைப் பல வருடம் நம்பியிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அதை மாற்றியது, திருத்தூதர் பவுல் எழுதிய உரோமையர் திருமுகத்தின் 11ஆம் அதிகாரம். ஒட்டு மாங்கன்று பார்த்திருப்பீர்கள். வேர் நாட்டு மாவுடையது, மேலே ஒட்டுவது நல்ல ரகம். பவுல் இதைத் தலைகீழாகச் சொல்கிறார்: மரம் நல்ல ஒலிவம், அது இஸ்ரயேல். அதில் ஒட்டப்பட்ட காட்டுக் கிளைதான் யூதரல்லாத நாம். இது இயல்புக்கு மாறானது என்று அவரே ஒத்துக்கொள்கிறார். அப்புறம் எச்சரிக்கிறார்: பெருமையடிக்காதே, வேரை நீ தாங்கவில்லை, வேர்தான் உன்னைத் தாங்குகிறது. கடவுள் தாம் கொடுத்த கொடையையும் அழைப்பையும் திரும்பப் பெறுவதில்லை என்றும் அதே அதிகாரத்தில் எழுதுகிறார். ஆபிரகாமின் பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கையே அவர் மாற்றிக்கொள்வார் என்றால், திருமுழுக்கில் எனக்குக் கொடுத்ததை நான் எந்தத் தைரியத்தில் நம்புவது?

சரி, கிறிஸ்து எல்லாருக்கும் மீட்பர் என்றும் சொல்கிறீர்களே, இரண்டும் எப்படிப் பொருந்தும்? 2015 டிசம்பரில் வத்திக்கான் ஆணைக்குழு ஒன்று வெளியிட்ட ஏடு இந்தக் கேள்வியை நேராகவே எடுத்தது. யூதர்கள் மீட்பில் பங்குள்ளவர்கள் என்பதில் ஐயமில்லை. கிறிஸ்துவை வெளிப்படையாக அறிக்கையிடாமல் அது எப்படி நடக்கிறது என்பது கடவுளின் மறைபொருள் என்றது. யூதர்களை மதம் மாற்றவென்று தனி அமைப்பு எதையும் திருச்சபை நடத்துவதில்லை என்றும் சொன்னது.

எல்லாச் சபைகளும் இதை ஏற்பதில்லை. 'இஸ்ரயேலர் அனைவரும் மீட்கப்படுவர்' என்று அதே அதிகாரத்தில் வருவதை, யூதர்கள் ஒருநாள் இயேசுவை ஏற்பார்கள் என்று பொருள் கொண்டு, அவர்களிடையே ஊழியம் செய்யும் சபைகளும் உண்டு. பவுலோ விளக்கம் சொல்லி அந்த அதிகாரத்தை முடிக்கவில்லை. கடவுளுடைய ஞானத்தின் ஆழத்தை யாரால் அறிய முடியும் என்று வியந்து, அவரைப் புகழ்ந்து முடிக்கிறார். நானும் அங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.