6581 வைப்பதா, 8580 வைப்பதா?

அன்புள்ள அண்ணா,

ஏரியா ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிறேன். பர்மா பஜாரில் வாங்கிய ஸ்பீக்கரில் இப்போது எண்பதுகளின் வீட்டுக் கணினியான கமடோர் 64-இன் கேம் பாட்டுகள்தான் ஓடுகின்றன. பிளேயரில் 6581, 8580 என்று இரண்டு சிப் காட்டுகிறது. மாற்றினால் அதே பாட்டு வேறு மாதிரி கேட்கிறது. ஒரு பாட்டில் டிரம்மே காணாமல் போகிறது. எது சரி? நண்பன், “எம்பி3 இறக்கிக் கேளுடா” என்கிறான்.

ச., தண்டையார்பேட்டை

அன்புத் தம்பி,

டிரம் காணாமல் போனதைக் கவனித்தீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது.

கமடோர் 64-இன் சவுண்டு சிப்புக்குப் பெயர் சிட் (SID). 6581, 8580 இரண்டும் அதன் இரண்டு வகைகள். உங்கள் பிளேயர் ஓட்டும் சிட் கோப்பில் பதிவு செய்த ஒலி கிடையாது. இருப்பது சில கிலோபைட் அளவுள்ள ஒரு நிரல். பெரும்பாலான பாட்டுகளில் அது நொடிக்கு 50 முறை ஓடி, எந்தச் சுருதி, எந்த அலைவடிவம், ஒலியின் சில பகுதிகளை அமுக்கும் ஃபில்டர் எவ்வளவு என்று சிப்புக்கு எண்களாகச் சொல்லும். பழைய பிராசசர், சவுண்டு சிப் இரண்டின் வேலையையும் உங்கள் பிளேயர் மென்பொருளிலேயே செய்கிறது. சிப் மாறினால் ஒலியும் மாறும். ஒரே கானாவை வியாசர்பாடியில் இரண்டு டோலக்குக்குப் பாடுவது போலத்தான்.

பாப் யானஸ் வடிவமைத்த 6581, கமடோர் 64-உடன் 1982-இல் வந்தது. அதன் ஃபில்டர் அனலாக். தயாரிப்பில் சிப்புக்குச் சிப் வித்தியாசம் இருந்ததால், அன்றைக்கே இரண்டு வீட்டில் ஒரே பாட்டு ஒரே மாதிரி கேட்டதில்லை. சத்தமே இல்லாதபோதும் அதன் வெளியீட்டில் ஒரு சிறு மின்னழுத்தம் நிற்கும். அதனால் வால்யூமை மாற்றினாலே ‘டப்’ என்று கேட்கும். இந்தக் குறையைப் பிடித்துக்கொண்டு, வால்யூமை அதிவேகமாக ஏற்றி இறக்கி டிரம்மையும் பேச்சுக்குரலையும்கூட வரவழைத்தார்கள். அசாத்தியமான மூளை! பின்னால் வந்த 8580-இல் அந்தக் குறையைப் பெருமளவு நீக்கிவிட்டார்கள். டிரம்மும் அதோடு அமுங்கிப்போனது.

ஆகவே, இசையமைத்தவர் எந்தச் சிப்பை வைத்து எழுதினாரோ, அந்தப் பாட்டுக்கு அதுதான் சரி. பல கோப்புகளின் தலைப்பகுதியிலேயே அது குறிக்கப்பட்டிருக்கும். பிளேயரைத் தானாகத் தேர்ந்தெடுக்க விடுங்கள். குறிப்பு இல்லையா? எண்பதுகளின் முற்பாதிப் பாட்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு 6581 வையுங்கள்.

எம்பி3-யும் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் அது யாரோ ஒருவர் ஏதோ ஒரு சிப்பில் ஓட்டிப் பதிந்தது. அதில் ஒரு குரலை, அதாவது சிப் தனித்தனியாக எழுப்பும் ஒலிகளில் ஒன்றை, மட்டும் நிறுத்த முடியாது. பல சிட் பிளேயர்களில் முடியும். கீபோர்டு வாசிக்கிற உங்களுக்கு இது பெரிய பாடம். சிட்டில் இருப்பது மூன்றே குரல். மூன்று நோட்டுகள் சேர்ந்தொலிக்கும் கார்டு வாசிக்க மூன்றையும் செலவழித்தால் பேஸுக்கும் மெலடிக்கும் எங்கே போவது? அதனால் ஒரே குரலில் மூன்று நோட்டுகளை மாற்றி மாற்றி மின்னல் வேகத்தில் ஓட்டினார்கள். அந்தக் குளுகுளுச் சத்தம் அப்படி வந்ததுதான். இரண்டு குரல்களை நிறுத்திவிட்டு அதை மட்டும் கேளுங்கள். அப்புறம் உங்கள் கீபோர்டில் கார்டின் நோட்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டும் ஆர்பெஜியேட்டர் இருந்தால், வேகத்தை முழுதாக ஏற்றி ஒரு மைனர் கார்டைப் பிடித்துப் பாருங்கள். எப்படி வந்தது என்று எழுதுங்கள்.