இன்பம், ஆசை, சுகபோகம் ஆகியவற்றுக்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த சொற்களில் உங்களைக் கவர்ந்தவை எவை?

பழைய என்றால் முந்நூறு நானூறு வருடங்களுக்கு முந்தைய ஆங்கிலம் என்று எடுத்துக்கொள்கிறேன். சுகத்தில் திளைப்பவரைக் குறிக்கிற வொலப்சுவரி, சைபரைட், எபிக்யூர் என்று நிறைய இருக்கின்றன. ஆனால் எனக்கு மிகப் பிடித்தவை இன்றும் எல்லோரும் சொல்கிற இரண்டு சொற்கள்: லஸ்ட் (இன்று காமம்), லக்சரி (இன்று ஆடம்பரம்). ஒரு காலத்தில் லஸ்ட் சாதாரணச் சொல், லக்சரிதான் பாவம். இன்று அப்படியே தலைகீழ்.

லஸ்ட் என்றால் ஆரம்பத்தில் வெறும் விருப்பம், மகிழ்ச்சி. ஜெர்மன் மொழியில் இன்றும் அப்படித்தான், காபி குடிக்கப் போகலாமா, மனசு இருக்கிறதா என்று கேட்பதற்கே இந்தச் சொல்லைப் பயன்படுத்துவார்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் அதைக் கீழே இழுத்ததில் விவிலிய மொழிபெயர்ப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ் விவிலியத்தில் 'மாம்சத்தின் இச்சை' என்று வருகிற இடத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் லஸ்ட் என்று போட்டார்கள், பிரசங்கத்துக்குப் பிரசங்கம் அதைக் கேட்டுக் கேட்டு மற்றப் பொருள்கள் தேய்ந்துபோயின. ஆனாலும் 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்திலேயே பழைய பொருள் தப்பிப் பிழைத்திருக்கிறது. யாத்திராகமம் 15-ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலரைத் துரத்தி வருகிற எகிப்தியர் கொள்ளையைப் பங்கிட்டு என் லஸ்ட்டைத் தீர்த்துக்கொள்வேன் என்கிறார்கள். அங்கே காமம் எதுவும் இல்லை, வெறி தீர்வதுதான்.

இதே வேரில் லிஸ்ட் என்று ஒரு வினைச்சொல்லும் இருந்தது, இஷ்டப்படுவது என்று பொருள். காற்று தன் இஷ்டப்படி வீசுகிறது என்று யோவான் சுவிசேஷத்தில் வருகிற வரியில் அதைப் பார்க்கலாம். சோர்ந்து கிடப்பவரை லிஸ்ட்லெஸ் என்கிறோமே, அந்த லிஸ்ட் இதுதான், எதிலும் மனம் செல்லாத நிலை. இவ்வளவு நல்ல சொல் புழக்கத்திலிருந்து போனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இனி லக்சரி. லத்தீனில் லக்சூரியா என்றால் வரம்பு மீறல். திருச்சபை ஏழு பெரும் பாவங்களை எண்ணியபோது காமப் பாவத்துக்கு வைத்த பெயரும் அதுதான், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தக் கறையோடுதான் வந்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் இறந்துபோன அரசனின் ஆவி தன் மகனிடம், டென்மார்க்கின் அரச கட்டில் லக்சரிக்கு இடமாகக் கூடாது என்று கெஞ்சும். மெத்தை சொகுசாக இருக்கக் கூடாது என்றா சொல்கிறது? முறைகேடான உறவைச் சொல்கிறது. ஷேக்ஸ்பியரை உரைக்குறிப்பு இல்லாத பதிப்பில் படிக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு சொல்லே போதும்.

அப்புறம் வணிகம் வளர்ந்தது. பட்டு, சர்க்கரை, தேயிலை எல்லாம் கப்பலில் வந்து இறங்க, அவற்றை வாங்குவது பாவமா, இல்லை நாட்டுக்கு நல்லதா என்று பதினெட்டாம் நூற்றாண்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1752-இல் லக்சரியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார், நல்லதும் உண்டு கெட்டதும் உண்டு என்பது அவர் வாதம். 1760-இல் அந்தத் தலைப்பையே மாற்றி, கலைகளின் மேம்பாடு பற்றி என்று வைத்துவிட்டார். பழைய கறை அப்போதும் முழுசாகப் போகவில்லை என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். இன்று அடுக்குமாடி விளம்பரத்தில் அதே சொல்லைப் பெருமையாகப் போடுகிறார்கள்.

சைபரைட் தெற்கு இத்தாலியில் இருந்த சைபரிஸ் என்ற கிரேக்க ஊரிலிருந்து வந்தது. செல்வத்தில் மிதந்த ஊர், கி.மு. 510-இல் பக்கத்து ஊரான குரோட்டன் அதை அழித்தது. சைபரிஸ்காரர்கள் தங்கள் குதிரைகளைக் குழல் இசைக்கு ஆடப் பழக்கியிருந்தார்கள், எதிரிகள் போர்க்களத்தில் குழல் வாசித்ததும் அவை ஆட ஆரம்பித்துவிட்டன என்று பழைய கதை ஒன்று உண்டு.

எபிக்யூர் விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் வரும். சாப்பாட்டு ரசிகர் என்ற பொருளில் வழங்குகிற இந்தச் சொல் எபிக்யூரஸ் என்ற கிரேக்கத் தத்துவ அறிஞரின் பெயர். ஏதன்ஸில் ஒரு தோட்டத்தில் நண்பர்களோடு ரொட்டியும் தண்ணீருமாக வாழ்ந்தவர் அவர். நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ஒரு சிறிய பானைப் பாலாடைக்கட்டி அனுப்பு, விருந்து சாப்பிட நினைக்கும்போது வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதரின் பெயரைப் போய் வயிறாரத் தின்று குடிப்பவர்களுக்கு ஒட்டிவிட்டது அநியாயம்.