ஓட்டாஞ்சில்லும் அணையும்

அன்புள்ள ஐயா,

குளத்தில் ஓட்டாஞ்சில்லு விடுவதுபோல, தண்ணீர்மேல் தத்திப்போகும் குண்டால் பிரிட்டிஷார் ஜெர்மன் அணைகளை உடைத்ததாக ஒரு வீடியோவில் பார்த்தேன். அதைப் பின்பக்கமாகச் சுழற்றிப் போட்டார்களாம். அப்படியானால் சுவரில் மோதித் திரும்பி வந்துவிடாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

திரும்பி வராது. சூட்சுமமே அந்தச் சுழற்சியில்தான் இருக்கிறது.

இரண்டாம் உலகப்போரின்போது, பார்ன்ஸ் வாலிஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1942இல் வீட்டில் தண்ணீர்த் தொட்டியும் பிள்ளைகளின் கோலிக்குண்டுகளுமாகத் தொடங்கிய வேலை இது. அணைக்கு முன்னால் நீருக்குள் வலை கட்டியிருந்ததால், நீருக்கடியில் பாயும் டார்பிடோ குண்டு போகாது. தத்திப்போனால் வலையைத் தாண்டிவிடலாம். சரி, தாண்டியபின்? வெடி சுவரை ஒட்டி, நீருக்கடியில் வெடிக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் சுவர் தாங்கிவிடும்.

அதனால்தான் 4 டன்னுக்கு மேற்பட்ட அந்த உருளை வடிவக் குண்டை விமானத்திலேயே மோட்டார் வைத்து நிமிடத்துக்கு 500 சுற்று சுழலவிட்டார்கள். பின்பக்கச் சுழற்சியில் உருளையின் முன்முகம் மேல்நோக்கி ஓடும். அது சுவரில் உரசும்போது குண்டு கீழே தள்ளப்படும். மூழ்கும்போதும் அதே சுழற்சி அதைச் சுவரோடு அணைத்துக்கொள்ளும். கிணற்றுச் சுவரைப் பிடித்து இறங்குகிற மாதிரி உருண்டு இறங்கி, சுமார் 9 மீட்டர் ஆழத்தில் நீரழுத்தத்தால் வெடிக்கும். நம் ஓட்டாஞ்சில்லு படுத்துச் சுழல்கிறது. அதற்கு இந்த வித்தை வராது.

போடுவதும் லேசில்லை. இரவில் நீருக்கு 60 அடி உயரத்தில் பறக்க வேண்டும். விமானத்தின் வயிற்றில் இரண்டு விளக்குகளைச் சாய்த்துப் பொருத்தினார்கள். இரண்டு ஒளிவட்டங்களும் நீரில் ஒன்றையொன்று தொட்டால் உயரம் சரி. இத்தனை கணக்குக்கு நடுவே இந்த எளிய யோசனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

1943 மே 16 இரவு 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. மோனே, எடர் அணைகள் உடைந்தன. சோர்பே மண்கரை அணை. அங்கே சுழற்றாமலே போட்டார்கள், உடையவில்லை. 8 விமானங்கள் திரும்பவில்லை, 53 பேர் இறந்தார்கள். அதில் வாலிஸ் நொறுங்கிப் போனார். வெள்ளத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் பெரும்பகுதி ஜெர்மானியர்கூட இல்லை, பிடித்துவரப்பட்ட கட்டாயத் தொழிலாளர்கள். வீடியோக்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

குண்டின் ரகசியப் பெயர் 'அப்கீப்', அதாவது பராமரிப்பு! அந்த ஓர் இரவுக்குப் பிறகு அதைப் போரில் பயன்படுத்தவேயில்லை. மிச்சமிருந்தவற்றைப் போர் முடிந்ததும் கடலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள்.