பின்னக் கூட்டல்: படம் வரைந்தும் விடை தவறுகிறதே?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். நான்காம் ஆண்டு படிக்கும் மகன் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறான். படம் வரைந்து பார்க்கச் சொன்னேன். அப்போதும் அதே விடைதான். டியூஷனில் குறுக்குப் பெருக்கல் சொல்லிக் கொடுத்தார்கள், மறுநாளே மறந்துவிட்டான். வீட்டில் நான் எப்படிச் சொல்லித் தருவது?

பதில்: சகோதரி, அவன் வரைந்த படத்தை ஒரு முறை கவனித்துப் பாருங்கள். இரண்டு கட்டம் போட்டு ஒன்றுக்கு வண்ணம் தீட்டியிருப்பான். பக்கத்தில் மூன்று கட்டம் போட்டு ஒன்றுக்குத் தீட்டியிருப்பான். மொத்தம் ஐந்து கட்டம், வண்ணம் இரண்டில். அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் 2/5 என்றுதான் தோன்றும். எண்ணியதில் தவறில்லை. அளவு வேறுபட்ட துண்டுகளைச் சேர்த்து எண்ணியதில்தான் தவறு.

அதனால் முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் கூடுமா, குறையுமா?" கூடும் என்று அவனே சொல்வான். 2/5 என்பது பாதிக்கும் குறைவு; ஐந்தில் பாதி இரண்டரை அல்லவா? விடை தவறு என்று நீங்கள் சொல்வதைவிட அவனே கண்டுபிடிப்பது நல்லது.

அப்புறம் எளிய கணக்கிலிருந்து தொடங்குங்கள். ஒரு தாளை நீளமான பட்டையாக வெட்டி இரண்டாக மடிக்கச் சொல்லுங்கள். அது அரை. இன்னொரு முறை மடித்தால் கால். விரித்துப் பார்த்தால் அரைக்குள் இரண்டு கால் இருப்பது தெரியும். அரையும் காலும் முக்கால் என்பது வீட்டுப் பேச்சிலேயே அவன் காதில் விழுந்திருக்கும். அதையே 2/4 + 1/4 = 3/4 என்று எழுத வையுங்கள்.

இனி 1/2 + 1/3. இதற்கு வட்டம் வேண்டாம். வட்டத்தைக் கையால் மூன்றாகவோ ஐந்தாகவோ சமமாகப் பிரிப்பது பெரியவர்களுக்கே கடினம். கோடில்லாத தாளில் 6 செ.மீ. நீளம், 4 செ.மீ. உயரத்தில் இரண்டு செவ்வகம் வரையுங்கள். இரண்டும் அச்சாக ஒரே அளவில் இருக்க வேண்டும். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். முதல் செவ்வகத்தின் நடுவே ஒரு படுக்கைக் கோடு போட்டு மேல் வரிசைக்கு வண்ணம் தீட்டட்டும். இரண்டாவதில் 2 செ.மீ.க்கு ஒன்றாக இரண்டு நிற்கும் கோடு போட்டு ஒரு பத்திக்குத் தீட்டட்டும். "இந்தத் துண்டும் அந்தத் துண்டும் ஒரே அளவா?" இல்லை. அப்படியானால் சேர்த்து எண்ண முடியாது.

இப்போது ஒன்றின் கோடுகளை மற்றதிலும் போடச் சொல்லுங்கள். இரண்டு செவ்வகத்திலும் ஆறு ஆறு சதுரங்கள் வந்துவிடும். பாதி என்பது 3 சதுரம், மூன்றில் ஒன்று என்பது 2 சதுரம். இந்த இடத்தில் சில பிள்ளைகள் இரண்டு செவ்வகத்தின் சதுரங்களையும் எண்ணி 5/12 என்பார்கள். அதைத் தவிர்க்கக் கத்தரிக்கோலை எடுங்கள். இரண்டாவது செவ்வகத்தின் வண்ணச் சதுரங்கள் இரண்டையும் வெட்டி, முதல் செவ்வகத்தின் காலி இடத்தில் ஒட்டட்டும். ஒரு சதுரம்தான் காலி. 5/6. நாம் கேட்பது ஒரு முழுச் செவ்வகத்தில் எவ்வளவு நிரம்பியது என்பதைத்தான் என்று அவன் கையே அவனுக்குச் சொல்லிவிடும்.

காசை வைத்தும் செய்யலாம். அரை ரிங்கிட் 50 சென், ரிங்கிட்டில் ஐந்தில் ஒரு பங்கு 20 சென். இரண்டையும் 10 சென் காசாக மாற்றினால் ஐந்தும் இரண்டும் ஏழு காசு. ஒரு ரிங்கிட்டுக்குப் பத்துக் காசு, ஆகவே 1/2 + 1/5 = 7/10. மளிகைக் கடைக்குப் போய்வரும் பிள்ளைக்கு இது உடனே பிடிபடும்.

ஒன்றைத் தாண்டும் கணக்கையும் விட்டுவிடாதீர்கள். 2/3 + 3/4 என்றால் 6 செ.மீ. நீளம், 8 செ.மீ. உயரம், மூன்று பத்தி, நான்கு வரிசை, 12 சதுரம். முதலாவதில் 8, இரண்டாவதில் 9. முதலாவதின் நான்கு காலி இடத்தையும் நிரப்பினால் ஒரு முழுச் செவ்வகமும் 5 சதுரமும் கிடைக்கும். அதாவது 1 5/12.

குறுக்குப் பெருக்கல் தப்பான வழி அல்ல. படத்துக்கு முன்னால் வந்ததால்தான் மனதில் நிற்கவில்லை. இப்படிச் சில கணக்குகள் செய்த பிறகு 1/2 + 1/3 படத்தைத் திரும்ப எடுத்து, 3, 2, 6 ஆகிய மூன்று எண்களும் எந்தக் கோட்டால் வந்தன என்று அவனைக் காட்டச் சொல்லுங்கள். பகுதி எண்களைப் பெருக்குவது ஏன் என்பது அங்கேயே தெரியும். 1/4 + 1/6-க்குப் படத்தில் 24 சதுரம் வந்து, விடை 10/24 என்றால் அதுவும் சரியே. இரண்டிரண்டு சதுரமாகச் சேர்த்து 5/12 ஆக்கட்டும். மீச்சிறு பொது மடங்கு அதற்கு அடுத்த பாடம்; இப்போதைக்கு அதைத் தள்ளி வையுங்கள்.