கரடிக்குப் பயந்து வைத்திருந்த பீங்கான் கத்தி

கேள்வி: குன்னூரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். கோத்தகிரி பக்கம் கேரட் பயிரிடும் என் மைத்துனர், நிலத் தகராறு தொடர்பாகச் சென்ற மாதம் ஓர் அரசு வளாகத்துக்குப் போனார். வாசலில் இருந்த மெட்டல் டிடெக்டர் ஒலிக்கவில்லை. அதைத் தாண்டியதும் போலீஸார் கையால் தடவிச் சோதித்தபோது, ஜெர்கின் பையில் 3 அங்குல செராமிக் மடக்குக் கத்தி இருந்தது. என் கடையில் எடுத்துக்கொண்டதுதான். இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, கத்தியை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். "கரடி பயம், பாதுகாப்புக்காக வைத்திருந்தேன்" என்று எழுதிய தாளில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். ஆயுத வழக்கு வருமா? இந்தக் கத்திகளை நான் தொடர்ந்து விற்கலாமா? கலிஃபோர்னியாவில் கடை வைத்திருக்கும் உறவினர் 50 கத்திகள் கேட்கிறார். இங்கிலாந்தில் நர்ஸாக வேலை பார்க்கும் தங்கை மகளும் ஒன்று கேட்கிறாள். அனுப்பலாமா? கத்தியையும் அதன் பெட்டியையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தை ஒரு முறை படித்தேன், அந்தப் படங்களைப் பல முறை பார்த்தேன். பால் வெள்ளையில் அலகு, கறுப்புப் பிளாஸ்டிக் பிடி. கத்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்னைக் கவலைப்பட வைத்தது பெட்டி. அதன் மேல் சிவப்பு ஆங்கில எழுத்தில் இரண்டு வரிகள்: ஒன்று, தற்காப்புக்கு ஏற்றது என்கிறது, மற்றொன்று, மெட்டல் டிடெக்டரில் சிக்காது என்கிறது. உங்கள் நான்கு கேள்விகளும் அந்த இரண்டு வரிகளில்தான் போய் முட்டுகின்றன.

முதலில் மைத்துனர். நம் நாட்டில் செராமிக் கத்திக்கென்று தனியாக ஒரு தடைச் சட்டம் இல்லை. பார்க்க வேண்டியது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட பொருளே "ஆயுதம்" என்கிறது அதன் 2ஆவது பிரிவு. வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்டவற்றை அதே பிரிவு விலக்கிவிடுகிறது. அதனால்தான் கவாத்துக் கத்தியோடு தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவரை யாரும் நிறுத்துவதில்லை. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் அளவும் சொல்கின்றன: அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்து, வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்படாத கத்திகள் அவற்றின் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. மைத்துனரின் கத்தி 3 அங்குலம். அதோடு, கத்தியை வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டுமென்றால், 4ஆவது பிரிவின்படி மத்திய அரசின் அறிவிக்கை அந்தப் பகுதிக்கு நடப்பில் இருக்க வேண்டும். டெல்லியில் பொத்தானை அழுத்தினால் திறக்கும் கத்திகள் பற்றி 1980இல் ஓர் அறிவிக்கை வந்தது. அதன் பேரில் பதிவான ஒரு வழக்கை உச்ச நீதிமன்றம் 2024இல் ரத்து செய்தது. விற்பனைக்காக வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டே இல்லாதபோது அந்த அறிவிக்கை பொருந்தாது என்பது காரணம். டெல்லி அறிவிக்கையைக் காட்டி நம் ஊரில் யாராவது பயமுறுத்தினால் அசர வேண்டாம்.

அப்படியானால் "பாதுகாப்புக்காக" என்று எழுதிக் கொடுத்தது? கோத்தகிரி, குன்னூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கரடி நடமாட்டம் இருப்பது ஊரறிந்த செய்தி. அந்திக்குப் பிறகு தனியே நடக்கிறவர் கையில் எதையாவது வைத்திருப்பது இயல்புதான். செராமிக் அலகு எஃகைவிடக் கடினமானது. ஆனால் பக்கவாட்டில் வளைத்தால் முறிந்துவிடும். கரடிக்கு முன்னால் அது எந்த உதவியும் செய்யாது. என்றாலும் அவர் சொன்னது உண்மை என்றே நினைக்கிறேன். சட்டம் கேட்பது, செய்தவர் எதற்காகச் செய்தார் என்று. பழக் கத்தியை ஒருவர் பயத்தில் பையில் போட்டுக்கொண்டார் என்பதால் மட்டும் அது ஆயுதமாகிவிடாது. ஆனால் செய்தவரே "தற்காப்புக்கு" என்று பெட்டியில் அச்சடித்திருந்தால், அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு வாதம் கையில் கிடைத்துவிடுகிறது. போலீஸாரிடம் போனது கத்தி மட்டும், பெட்டி போகவில்லை. இது உங்கள் மைத்துனருக்குச் சாதகம்.

அந்தக் கையெழுத்தைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்கிறேன். விசாரணையில் போலீஸாரிடம் சொல்வதை அவர்கள் எழுதிக்கொள்ளலாம்; ஆனால் சொன்னவர் அதில் கையெழுத்திடக் கூடாது என்பதே சட்டம் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 181). போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் குற்றத்துக்குச் சாட்சியமாக்கவும் முடியாது (பாரதிய சாட்சிய அதிநியம், பிரிவு 23). மலைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் காக்கிச் சட்டையைக் கண்டதும் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதை நான் பல வருடங்களாகப் பார்க்கிறேன். மனம் பதைக்கிறது. பொருளைக் கைப்பற்றினால் மகஜர், அதாவது கைப்பற்றியதற்கான பதிவு, எழுத வேண்டும். சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று அதே புதிய நடைமுறைச் சட்டத்தின் 105ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் மைத்துனரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

எனவே அவர் இப்போது செய்ய வேண்டியது, நடந்ததை நடந்தபடி ஒரு மனுவாக எழுதுவது. எந்தத் தேதி, எத்தனை மணி, எதற்காகப் போனார், கேரட் தழை அறுக்கவும் பழம் நறுக்கவும் அந்தக் கத்தியைப் பயன்படுத்துவது, கரடி பயம், கத்தி பையில் இருந்ததையே மறந்துவிட்டது, எல்லாம் அதில் வரட்டும். கரடி விஷயத்தை மறைக்க வேண்டாம். ஏற்கெனவே சொன்ன உண்மையை மாற்றிச் சொன்னால்தான் சந்தேகம் பிறக்கும். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளட்டும். அந்த நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவின் கீழ் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் வந்தால் தட்டிக்கழிக்கக் கூடாது, வழக்கறிஞருடன் போகட்டும். செலவுக்கு வழியில்லை என்றால் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். கத்தியைத் திரும்பக் கேட்டு நடுவரிடம் மனுப் போடவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் ஒரு கத்திக்காக ஊட்டிக்கு நான்கு முறை பஸ் ஏற வேண்டாம் என்பது என் யோசனை.

அந்த வாசல் ஏன் ஒலிக்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மெட்டல் டிடெக்டர் ஒரு மாறும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. மின்சாரம் கடத்தும் பொருள் அதில் நுழைந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பும்; கருவி உணர்வது அதைத்தான். செராமிக் கத்தி சிர்கோனியம் ஆக்ஸைடால் ஆனது, மின்சாரம் கடத்தாது. எக்ஸ்ரே கருவியில் கதை வேறு. சிர்கோனியத்தின் அணு எண் 40, இரும்பினுடையது 26. அலகு அதில் பளிச்சென்று தெரியும். ஆகவே கோவை விமான நிலையத்தில் கைப்பையில் வைத்தால் நிச்சயம் மாட்டும். செக்-இன் பெட்டியில் போகட்டும்.

இந்தத் தன்மைக்காகவே சில நாடுகள் சட்டம் போட்டிருக்கின்றன. கலிஃபோர்னியா தண்டனைச் சட்டம், கண்டறிய முடியாத கத்தியை வணிகத்துக்காகச் செய்வதையும், மாநிலத்துக்குள் தெரிந்தே இறக்குமதி செய்வதையும், விற்பனைக்கு வைப்பதையும் குற்றமாக்குகிறது. அங்கே மூன்று அம்சங்களும் சேர்ந்திருக்க வேண்டும்: குத்திக் கொடுங்காயமோ மரணமோ உண்டாக்கக் கூடியது, ஆயுதமாகப் பயன்படுத்தவே செய்யப்பட்டது, வழக்கமான அளவில் அமைத்த டிடெக்டரில் தெரியாதது. சமையலறைக் கத்திக்கு இரண்டாவது அம்சம் பொருந்தாது. உங்கள் மடக்குக் கத்திக்கோ, அந்தப் பெட்டியே அதைப் பொருத்திக் கொடுக்கிறது. 50 பெட்டிகள் துறைமுகத்தில் திறக்கப்பட்டால், பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் உறவினர். அனுப்ப வேண்டாம். சமையலறைக் கத்திகள்தான் வேண்டும் என்றால் அனுப்பலாம். சுங்கப் படிவத்தில் "செராமிக் சமையலறைக் கத்தி" என்று தெளிவாக எழுதுங்கள். டிடெக்டரில் தெரிவதற்காகச் சிறு உலோகத் துண்டு பதித்த கத்திகளும் உண்டு. மொத்த வியாபாரியிடம் அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

இங்கிலாந்தில் 2004 முதல் இத்தகைய கத்திக்குத் தடை இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கும் உணவு தயாரிக்கவும் வடிவமைக்கப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. தடைக்குள் வரும் கத்தியை வீட்டுக்குள் வைத்திருப்பதே 2021 முதல் குற்றம். வேலை விசாவில் இருக்கும் பெண்ணுக்கு இந்தச் சிக்கல் எதற்கு? அவள் அங்கேயே கடையில் ஒரு காய்கறிக் கத்தி வாங்கிக்கொள்ளட்டும்.

கடைசியாக உங்கள் கடை. செராமிக் சமையலறைக் கத்திகளைத் தாராளமாக விற்கலாம். ஆயுதம் என்று கருதப்படும் பொருளை உரிமமின்றி விற்பதோ, 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அளவை வைத்துப் பார்த்தால் உங்கள் 3 அங்குலக் கத்தி அதில் வராது என்று நான் வாதாடுவேன். வெல்வேன் என்றும் நம்புகிறேன். அதற்காகக் கடையைப் பூட்டிவிட்டு நீதிமன்றப் படியேற வேண்டுமா? அந்தப் பெட்டிகளை இன்றே அடுக்கிலிருந்து இறக்குங்கள். இரண்டு வரிகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கும் வேலை வேண்டாம். தெரிந்தே விற்றீர்கள் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும். என்ன காரணத்துக்காகத் திருப்பி அனுப்புகிறீர்கள் என்று மொத்த வியாபாரிக்கு எழுத்தில் தெரிவித்து, சரக்கு அனுப்பிய ரசீதையும் வாங்கிய ஜி.எஸ்.டி. பில்லையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள்.