அடுத்தவன் தூண்டில இழுக்கலாமா?

அண்ணே வணக்கம்,

2025ல பசிபிக்ல கிரீன்பீஸ்காரங்க (சுற்றுச்சூழல் அமைப்பு) ஒரு கப்பலோட ஆயிரங்கால் தூண்டில, அதான் நீளக் கயிறுல வரிசையா கொக்கி மாட்டினத, இழுத்து எடுத்துட்டுப் போன வீடியோ பார்த்தேன். நல்ல காரியம்தான், ஆனா அடுத்தவன் பொருளை எடுத்தா திருட்டு இல்லையா? எங்க அத்தை மகன் போர்ட் லூயிஸ்ல சூரை மீன் டின் ஃபேக்டரில வேலை பார்க்கறான். இவங்க இப்படியே பண்ணிட்டிருந்தா அவன் பொழப்பு என்னாகும்?

ஒரு வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

தங்கச்சிக்கு வணக்கம்,

அந்த வீடியோ நானும் பார்த்தேன். ஐரோப்பியக் கொடி போட்ட கப்பல், கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் கயிறு, 210க்கு மேல கொக்கி. ஒன்பது சுறாவ உயிரோட விட்டாங்க. பொருள் அந்தக் கப்பல்காரனோடதுதான், இல்லேன்னு சொல்லமாட்டேன். அவன் நாளைக்கே வேற கயிறு போட்டுடுவான், அதனால எனக்கும் அதுல பாதி மனசுதான்.

ஆனா நம்ம பக்கத்துக் கடல்ல கதையே வேற. இங்க சுருக்குமடிக் கப்பல்காரங்க மூங்கில்லயோ பிளாஸ்டிக்லயோ மிதவை கட்டி அடியில கயிறு, முன்னெல்லாம் பழைய வலை, தொங்கவிட்டு கடல்ல மிதக்க விட்டுடறாங்க, நிழலைத் தேடி மீன் வந்து கூடும், மேல இருக்கற கருவி கீழ எவ்வளவு மீன் நிக்குதுன்னு சாட்டிலைட் வழியா கப்பலுக்கே சொல்லிடும், அப்புறம் போய் வளைச்சு அள்ள வேண்டியதுதான், குஞ்சு சூரையும் சேர்ந்தே போகும். அந்தத் தொங்கற வலைல சிக்கியே இந்தியப் பெருங்கடல்ல வருஷத்துக்கு 4,80,000லேந்து 9,60,000 சுறா வரைக்கும் சாகுதுன்னு 2013ல ஒரு ஆய்வு சொல்லுச்சு. சிக்காத வலையா மாத்தணும்னு விதி வந்தது அதுக்கப்புறம்தான். நம்ம மீனவங்க மீன் பிடிக்கப் போற டிசிபியும் (மீனைக் கூட்டற மிதவை) இதே ஜாதிதான், ஆனா அது நங்கூரத்துல நிக்குது, எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்.

மிதவை கைக்கெட்டாத தூரத்துக்குப் போயிட்டா அதோட சிக்னலை ஆஃப் பண்ணிடறாங்க. அது பாட்டுக்கு அலைஞ்சு நம்ம செயின்ட் பிராண்டன் தீவுப் பவளப்பாறைல போய் மாட்டும். கைகழுவிட்டுப் போனதை அறுத்து எடுக்கறவன் திருடனாம்மா?

இதனால பலன் இருக்கான்னா, இருக்கு. 2016ல கிரீன்பீஸ்காரங்க எஸ்பெரான்ஸாங்கற அவங்க கப்பல்ல வந்து இந்த மிதவைங்களத்தான் பிடுங்கினாங்க, டின் சூரை விக்கற தாய் யூனியன் கம்பெனிய குறிவெச்சு. 2017 ஜூலைல அந்தக் கம்பெனியே மிதவைய பாதியா குறைக்கறோம்னு ஒத்துக்கிச்சு. மிதவை பிடுங்கினது மட்டும் காரணமில்ல, கடைக்கடையா பிரச்சாரமும் நடந்துச்சு.

இப்படிப் பிடுங்காம தீர்மானம், விதின்னு பேப்பர் வழியா போகலாமேன்னு நீங்க சொல்வீங்க. 2023ல கென்யாவுல மொம்பாசால, சூரை பிடிக்க விதி போடற நாடுகளோட இந்தியப் பெருங்கடல் சூரை கமிஷன் கூடி வருஷத்துல 72 நாள் மிதவை மீன்பிடிப்ப நிறுத்தணும்னு ஓட்டுப் போட்டு ஜெயிச்சுது. ஐரோப்பிய யூனியனோட இன்னும் பல நாடு ஆட்சேபணை குடுத்து அது அப்படியே படுத்துடுச்சு.

அத்தை மகன் வேலைக்கு வர்றேன். மஞ்சள்துடுப்பு சூரைய அளவுக்கு மீறிப் பிடிச்சுட்டோம்னு 2015ல அந்த கமிஷனோட விஞ்ஞானிங்களே சொன்னாங்க, கிரீன்பீஸ் சொன்னதில்ல. 2024 கணக்குல தேறியிருக்குன்னு வந்துச்சு, சந்தோஷம். குஞ்ச அள்ளிக்கிட்டே இருந்தா அந்த ஃபேக்டரிக்கு மீன் எங்கேந்து வரும்? எனக்கு பயம் அதுலதான்.

டின் மீன் வாங்கினா லேபிளப் பாருங்க. மாலத்தீவுல இன்னும் கம்பும் தூண்டிலும் வெச்சு ஒவ்வொண்ணா தூக்கறாங்க. அப்படிப் பிடிச்சதுன்னு போட்டிருந்தா கொஞ்சம் விலை கூட இருந்தாலும் எடுங்க.