220-இல் சிதைகிறது என்றால் 170 வரை போகலாமா?

கேள்வி: எங்கள் ரசாயன ஆலையின் ரியாக்டரில் (வினைக்கலனில்) 80 டிகிரியில் வினை நடக்கிறது, ஒரு மூலப்பொருளைச் சிறிது சிறிதாக விடுகிறோம். டி.எஸ்.சி. சோதனையில் (சிறு மாதிரியைச் சூடாக்கி வெப்பம் வெளிவருவதை அளப்பது) 220 டிகிரியில்தான் சிதைவு தொடங்குகிறது. 50 டிகிரி குறைத்து 170-ஐ மேல் வரம்பாக வைக்கலாமா? கீழ் வரம்பும் தேவையா?
– வாசகர், கடலூர்

பதில்: 170 மிக ஆபத்து. 220 என்பது கருவிக்கு வெப்பம் தெரிந்த இடம், அவ்வளவுதான். சில மில்லிகிராம் மாதிரியை நிமிடத்துக்கு 5, 10 டிகிரி என்று சூடாக்கினால் மெதுவான சிதைவு அதில் தெரியாது. டன் கணக்கில் சரக்கு நிற்கும் ரியாக்டரில் அதே சிதைவு உள்ளுக்குள் சூடேறி வேகம் பிடிக்கும். ஆய்வகத்தில் இப்படிக் கேளுங்கள்: வெப்பம் வெளியேறாத நிலையில், சிதைவு உச்சத்தை எட்ட 24 மணி நேரம் ஆகும் வெப்பநிலை எது? 130 என்று வருவதாகக் கொள்வோம்.

அடுத்து, குளிர்விப்பு நின்றால் சூடு எதுவரை ஏறும்? வினை வெப்பம் சரக்கில் கிலோவுக்கு 300 கிலோஜூல், ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க 2 கிலோஜூல் என்றால், முழு வினைக்கு 150 டிகிரி. 20 சதவீதம் வினைபுரியாமல் தேங்கியிருந்தால் 80-உடன் 30, மொத்தம் 110. பாதி தேங்கியிருந்தால் 155, 130-ஐத் தாண்டிவிட்டது.

கீழ் வரம்பு இதற்குத்தான். 10 டிகிரி இறங்கினால் வினை ஏறக்குறையப் பாதி வேகத்துக்கு வந்துவிடும், ஃபீட் (நீங்கள் விடும் மூலப்பொருள்) மட்டும் விழுந்துகொண்டே இருக்கும். 65-ஐப் பார்த்த ஆபரேட்டர் ஸ்டீமைத் திறப்பார். தேங்கியது அத்தனையும் ஒன்றாகக் கிளம்பும். 75-க்குக் கீழே ஃபீட் வால்வு தானாக மூட வேண்டும். பிறகு சாம்பிள் எடுத்து, தேக்கம் எவ்வளவு என்று பார்க்காமல் ஸ்டீம் கூடாது.

சரக்கைக் கலக்கும் அஜிடேட்டர் நின்றாலும் ஃபீட் நிற்க வேண்டும். மோட்டார் ஓடுகிறது என்ற சிக்னலை நம்பாதீர்கள்: ஷாஃப்டைப் பிணைக்கும் சாவி அறுந்தாலும் மோட்டார் ஓடும், ஆம்பியர்தான் குறையும். ஃபீடைத் தானாக நிறுத்தும் இன்டர்லாக்கை ஆம்பியரோடும் இணையுங்கள். நின்ற அஜிடேட்டரை யோசிக்காமல் திரும்பப் போட்டால், பிரிந்து நின்ற அடுக்குகள் ஒரே நேரத்தில் கலந்துவிடும்.

மேல் அலாரத்துக்கு நேரக் கணக்கு போடுங்கள். நிமிடத்துக்கு 1.5 டிகிரி ஏறும், தெர்மோவெல் (வெப்பமானி இருக்கும் உறை) தாமதமும் ஆள் செயல்படுவதும் சேர்ந்து 12 நிமிடம் என்றால் 18 டிகிரி. மேல் வரம்பை 110 என்று வைத்துக்கொண்டால், அலாரம் 92-க்கு மேல் போகக்கூடாது, 90 வையுங்கள். 95-இல் ஃபீட் தானாக நிற்கட்டும்.

இடைவெளி போதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில் டி2 லேபரட்டரீஸ் ரசாயன ஆலை 2007 டிசம்பர் 19 அன்று வெடித்து 4 பேர் இறந்தனர். அங்கே குளிர்நீரைத் திறப்பது சுமார் 182 டிகிரியில். சோடியமும் கரைப்பானும் தமக்குள் வினைபுரியத் தொடங்குவது சுமார் 199-இல். நடுவே 17 டிகிரிதான், குளிர்நீருக்கு மாற்று வழியும் கிடையாது. வெடித்தது 175-ஆவது பேட்ச்.